‘தூ’ என்பதா, ‘உஸ்தெத்’ என்பதா? - அமெரிக்கப் பள்ளிகளின் ஸ்பானிஷ் வகுப்பில் ஒரு வியாபாரப் பாடம்!

லாஸ் ஏஞ்சலஸில் ஏதோ ஒரு கார் ஷோரூம் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை மதியம். அப்பா, அம்மா, 15 வயது மகள். பழைய கார் ஒன்றைத் தவணையில் எடுக்க வந்திருக்கிறார்கள். பெற்றோருக்கு ஸ்பானிஷ்தான் சரளம். ஆங்கிலம் ‘குட் மார்னிங்’, ‘ஹவ் மச்’ அளவுக்கு. சேல்ஸ்மேன் சிரித்த முகமாக நாலைந்து பக்க ஆங்கில ஒப்பந்தத்தை மேஜைமேல் வைக்கிறார். எல்லோரும் மகளைப் பார்க்கிறார்கள்.

அவள் வாசிக்கிறாள். விலை புரிகிறது. முன்பணம் புரிகிறது. ‘ஆண்டு வட்டி விகிதம்’ என்கிற இடத்தில் நின்றுவிடுகிறாள். ஆங்கிலத்தில் வாசிக்க முடிகிறது. ஆனால், அதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது? வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை. “கொஞ்சம் கூடக் கட்டணும்ப்பா” என்று சமாளிக்கிறாள். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் அந்த வீட்டின் அடுத்த ஐந்து வருட பட்ஜெட் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை. அதே பெண் பள்ளியில், ஸ்பானிஷ் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அன்றைய பாடம்: ‘நூலகம் எங்கே இருக்கிறது?’

கற்பனைப் பெண்தான். ஆனால், அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் மேல். அந்த வீடுகளில் வங்கிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், மின்கட்டண பில் என எது வந்தாலும் முதலில் பிள்ளையின் கைக்குத்தான் போகும். பாட்டிக்கு பேங்க் சலான் நிரப்பித் தந்து வளர்ந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கலிஃபோர்னியாவில் இதற்கென்று ஒரு சட்டமே உண்டு. 1970களில் வந்தது. உரிமையியல் சட்டத் தொகுப்பின் 1632-வது பிரிவு. கார், கடன், வாடகை என்று பல வகை ஒப்பந்தங்களுக்குப் பொருந்தும். ஸ்பானிஷில் பேசி பேரம் முடித்தால், கையெழுத்து வாங்கும் முன் ஒப்பந்தத்தின் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும். பின்னாளில் சீனம், தகாலோக், வியட்நாமியம், கொரிய மொழிகளையும் சேர்த்தார்கள். வாடிக்கையாளர் தன் சொந்த மொழிபெயர்ப்பாளரோடு வந்தால் இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால், அந்த மொழிபெயர்ப்பாளர் மைனராக இருக்கக் கூடாது. இரண்டு மொழியிலும் சரளமாகப் பேசவும், முழுதாகப் புரிந்து வாசிக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் ஒரு நடை ஷோரூம் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள்போல!

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஸ்பானிஷ் வகுப்புக்குள் ‘வியாபார ஸ்பானிஷ்’ நுழைவதைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெண்ணையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால், இந்தப் பாடத்தை விற்கும்போது சொல்லப்படும் காரணமே வேறு.

‘படித்தால் வேலை கிடைக்கும்!’

அந்தக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ‘ஸ்பானிஷ் தெரிந்தால் ரெஸ்யூமேவில் ஒரு வரி கூடும். மெக்சிகோவோடு வியாபாரம் நடக்கிறது, உங்கள் ஊர்க் கடைக்கே ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்.’ இதில் பொய் எதுவும் இல்லை. 1994-ல் வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வந்தது. 2020-ல் புதிய ஒப்பந்தம் அதன் இடத்துக்கு வந்தது. 2023-ல் சரக்கு வர்த்தகத்தில் சீனாவையும் கனடாவையும் தாண்டி அமெரிக்காவின் முதல் கூட்டாளியானது மெக்சிகோ. டெக்ஸாஸின் லாரெடோ எல்லையில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

யோசனையும் புதிதல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946-ல் அரிஸோனாவில் விமானிகளுக்குப் பயிற்சி தந்த ‘தண்டர்பேர்டு’ தளத்திலேயே வெளிநாட்டு வர்த்தகத்துக்கென ஒரு கல்வி நிறுவனம் தொடங்கினார்கள். அங்கே வர்த்தகப் பாடமும் ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் மொழிகளும் ஒன்றாகவே சொல்லித் தரப்பட்டன. சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவிய அதிர்ச்சியில் 1958-ல் வந்த சட்டம், பள்ளிகளில் மொழிப் பாடத்துக்குப் பணத்தைக் கொட்டியது. 1988-ன் வர்த்தகச் சட்டம், சர்வதேச வணிகக் கல்விக்கான மையங்களைப் பல்கலைக்கழகங்களில் அமைக்க வழிசெய்தது. மொழிப் பயிற்சியும் அவற்றின் வேலை. கல்லூரிக்கு வந்தது பள்ளிக்கும் இறங்கியது. சில பள்ளிகளில் தனிப் பாடமாகவே வைக்கிறார்கள். சில இடங்களில் வழக்கமான ஸ்பானிஷ் வகுப்புக்குள் சில வாரப் பகுதியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால், விற்பனைப் பேச்சில் ஒரு கணக்கை மட்டும் மெதுவாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்றுத்தருகிறது. வேலையில் பயன்படுத்தும் அளவுக்குத் தேற 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது அதன் மதிப்பீடு. அதுவும் முழுநேரமாக உட்கார்ந்து படிக்கும் பெரியவர்களுக்கு. பள்ளியில்? வருடத்துக்கு 180 நாள், நாளுக்கு 50 நிமிடம் என்று வைத்தால் 150 மணி நேரம். இரண்டு வருடம் படித்தால் 300. அதிலும் தேர்வு, விளையாட்டு விழா, பனிப்பொழிவு விடுமுறை எல்லாம் போக வேண்டும்.

ஆக, இரண்டு வருட ஸ்பானிஷை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் மெக்சிகோ சிட்டியில் உட்கார்ந்து பேரம் பேசிவிட முடியாது. அப்படிச் சொல்லி அட்மிஷன் பிடிப்பது நியாயமும் இல்லை. பிறகு இந்தப் பாடம் எதற்கு? மரியாதைக்கு! உண்மையில் வியாபார ஸ்பானிஷ் என்பதில் பாதி அதுதான்.

நீயா, நீங்களா?

ஆங்கிலத்தில் அதிபரும் ‘யூ’, அடுத்த வீட்டுப் பூனையும் ‘யூ’. ஸ்பானிஷில் அந்தக் கதை நடக்காது. நெருக்கமானவருக்கு ‘தூ’, மரியாதைக்குரியவருக்கு ‘உஸ்தெத்’. தமிழ்க் காதுக்கு ‘தூ’ கொஞ்சம் விகாரமாகத்தான் விழும், மன்னித்துவிடலாம். நம் ‘நீ’தான் அது. ‘உஸ்தெத்’ நம் ‘நீங்கள்’. வினைச்சொல்லும் கூடவே மாறும்.

ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைக்கு இது இலக்கண அட்டவணையில் ஒரு கட்டம். மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுவார்கள். ஆனால் பள்ளி வகுப்பில் நாள் முழுக்க யாரோடு பேசுகிறார்கள்? பக்கத்து பெஞ்சு நண்பனோடு. அதனால் ‘தூ’ மட்டும் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. ஒருநாள் ஐம்பது வயது வாடிக்கையாளர் போன் செய்தால், அவரிடமும் ‘உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்டுவைக்கிறார்கள். சொற்கள் எல்லாம் சரி, இலக்கணமும் சரி... வியாபாரம்தான் போய்விடும்.

இதிலும் நாட்டுக்கு நாடு நுணுக்கம் உண்டு. ஸ்பெயினில் அலுவலகத்துக்குள்ளேயே சகஜமாக ‘தூ’ புழங்குகிறது. கொலம்பியாவின் பல பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே, பிள்ளையிடம்கூட ‘உஸ்தெத்’ சொல்வார்கள். அர்ஜென்டினாவில் ‘தூ’வே கிடையாது, அந்த இடத்தில் ‘வோஸ்’. புத்தகத்தில் ஒரே ஒரு பக்கமாக இருக்கும் விஷயம், தொழிலில் இறங்கினால் ஒரு கண்டத்தின் அளவுக்கு விரிந்துவிடுகிறது.

கடிதம் எழுதுவதும் இப்படித்தான். ‘எஸ்திமாதோ சேன்யோர்’, அதாவது ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு கமா போடக் கூடாது, முக்காற்புள்ளி. நம் பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்தின் ‘மதிப்பிற்குரிய ஐயா’வுக்கு நெருங்கிய சொந்தம். முடிக்கும்போது ‘அதெந்தாமெந்தே’ அல்லது அதுபோல இன்னொரு மரியாதைச் சொல். நடுவில் நேரே விஷயத்துக்கு வந்தால் முரட்டுத்தனம் என்று நினைக்கும் ஆட்களும் இருப்பார்கள்.

பெயர் விஷயத்தில்தான் அமெரிக்கர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். ஸ்பானிஷ் உலகில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்: முதலில் அப்பா வழி, அடுத்தது அம்மா வழி. ஆங்கில வழக்கப்படி கடைசிப் பெயரைப் பிடித்துக் கூப்பிட்டால் அப்பா பெயரை விட்டுவிட்டு அம்மா பெயரில் அழைத்ததாக ஆகிவிடும். சிரிக்க வேண்டாம், நாமும் செய்கிறோம். கேப்ரியல் கார்சியா மார்க்வெஸை தமிழ் இலக்கிய வட்டாரம் முழுக்க ‘மார்க்வெஸ்’ என்றுதானே செல்லமாகச் சொல்கிறது! கார்சியா அப்பா வழி, மார்க்வெஸ் அம்மா வழி. அவருக்கு நியாயமாக எழுதியிருக்க வேண்டிய கடிதம் ‘மதிப்பிற்குரிய கார்சியா மார்க்வெஸ்’ என்றுதான் தொடங்கும்.

மெக்சிகோவில் இன்னொரு படி. பட்டம் வாங்கியவரைப் பெயரோடு ‘லிசென்சியாதோ’ என்பார்கள், பொறியாளரை ‘இன்ஹெனியேரோ’ என்பார்கள். நம்மூரில் ‘இன்ஜினீயர் சார்’ என்பதுபோல. போனை எடுத்தால் மெக்சிகோக்காரர் ‘புவேனோ’ என்பார். ஸ்பெயின்காரர் ‘தீகமே’ என்பார், ‘சொல்லுங்கள்’ என்று பொருள். கொலம்பியாவில் ‘அலோ’. ‘அவோரிதா அனுப்புகிறேன்’ என்று மெக்சிகோவில் சொன்னால் இப்போதே வரலாம், மாலையில் வரலாம், வராமலும் போகலாம். நம்மூர் ‘தோ வந்துட்டேன்’ தெரிந்தவர்களுக்கு இதற்குத் தனி வகுப்பு தேவைப்படாது.

இதையெல்லாம் பள்ளியில் சோதிக்க முடியுமா? முடியும் என்று ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். ‘அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட்’ எனும் கல்லூரித்தரத் தேர்வின் ஸ்பானிஷ் தாளை 2014-ல் மாற்றி அமைத்தபோது, ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் கேள்வியைச் சேர்த்தார்கள். 15 நிமிடம். வந்த கடிதத்தில் கேட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்; கூடுதல் விவரமும் கேட்க வேண்டும்; தொடக்கம், முடிவு, நடை எல்லாம் மரியாதையாக இருக்க வேண்டும். நடுவில் ‘தூ’ எட்டிப்பார்த்தால் மதிப்பெண்ணுக்கு ஆபத்து. ‘வியாபாரம்’ என்ற பெயரே ஒட்டாமல், வியாபார மொழியின் ஆதாரப் பாடம் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சொல்... மூன்று சைபர்!

வியாபாரம் என்றால் எண் இல்லாமலா? அமெரிக்க ஆங்கிலத்தில் ‘பில்லியன்’ என்றால் 100 கோடி. ஸ்பானிஷில் கிட்டத்தட்ட அதே எழுத்தில் ‘பிய்யோன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் மதிப்பு ஒரு லட்சம் கோடி! சரியாக ஆயிரம் மடங்கு. அமெரிக்க பில்லியனை ஸ்பானிஷில் சொல்ல வேண்டுமானால் ‘மில் மியோனெஸ்’, அதாவது ‘ஆயிரம் மில்லியன்’ என்று சொல்ல வேண்டும். லட்சத்துக்கும் மில்லியனுக்கும் நடுவில் விரல்விட்டு எண்ணிப் பழகிய நமக்கு இந்த அவஸ்தை புதிதில்லை.

ஸ்பெயினிலும் தென் அமெரிக்காவின் பல நாடுகளிலும் ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் கமா: 1.500,50. மெக்சிகோவில் அமெரிக்கா மாதிரியே 1,500.50. ‘5/6’ என்று தேதி போட்டால் அமெரிக்கருக்கு மே 6, ஸ்பானிஷ்காரருக்கு ஜூன் 5. போதாததற்கு, மெக்சிகோ, கொலம்பியா, சிலி, அர்ஜென்டினா எல்லாம் தங்கள் பெசோவுக்குப் போடும் குறியும் அதே டாலர் குறிதான். இந்த நாலு விஷயத்தை வைத்தே ஒரு வகுப்பு நேரம் முழுக்க விலைப்பட்டியல் பயிற்சி நடத்தலாம். பிள்ளைகள் கத்திக் கூச்சலிட்டுக் கற்றுக்கொள்வார்கள்.

வியாபார மொழி வகுப்பு என்றாலே அமெரிக்க ஆசிரியர்கள் சொல்லும் பிரபலமான கதை ஒன்று உண்டு. செவ்ரோலெ நிறுவனம் ‘நோவா’ என்ற காரை லத்தீன் அமெரிக்காவில் விற்கப் போனதாம். ஸ்பானிஷில் ‘நோ வா’ என்றால் ‘போகாது’. போகாத காரை யார் வாங்குவார்? விற்பனை படுத்துவிட்டதாம்.

நல்ல கதை. ஆனால் கட்டுக்கதை. நோவா மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமே ‘நோவா’ என்ற பெயரில் பெட்ரோல் விற்றிருக்கிறது. ‘நோவா’வில் அழுத்தம் முதல் அசையில், ‘நோ வா’வில் அழுத்தம் பின்னால், இரண்டும் ஸ்பானிஷ் காதில் ஒன்றாக விழாது. ‘பலகை’ விற்கும் கடையைப் பார்த்து யாராவது ‘பல கை’ என்று பயந்து ஓடுவார்களா? ஸ்பானிஷ் தெரியாதவர்கள், ஸ்பானிஷ்காரர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று தாங்களே நினைத்துக்கொண்டதால் பிறந்த கதை இது. இன்றும் வகுப்பில் சொல்லலாம், கடைசியில் உண்மையையும் சொல்லிவிட்டால்.

நிஜத்தில் ஒரு சொல் செய்த கொடுமைக்கு வேறு சம்பவம் இருக்கிறது. 1980, ஃப்ளோரிடா. 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்கு வருகிறார். உடன் வந்தவர்கள் ‘இன்தொக்சிகாதோ’ என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளாமல் நஞ்சாகிவிட்டது என்ற பொருளில். ஆங்கிலத்தின் ‘இன்டாக்ஸிகேட்டட்’ போல ஒலித்ததால், போதை மருந்து என்று புரிந்துகொண்டு அதற்கான சிகிச்சை தொடங்கியது. உண்மையில் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கை கால்கள் முடங்கிவிட்டன. வழக்கு, பல கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

இப்படிப் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்து பொருளில் பங்காளிச் சண்டை போடும் சொற்கள் ஸ்பானிஷுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் ஏராளம். ‘எக்ஸிதோ’ என்றால் வெளியேறும் வழி அல்ல, வெற்றி. ‘எம்பராசாதா’ என்றால் சங்கடப்பட்டவள் அல்ல, கர்ப்பிணி. ‘அக்துவால்’ என்றால் உண்மையான என்பதல்ல, தற்போதைய. ‘தற்போதைய விலை’யை ‘உண்மையான விலை’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கடைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

கொடிக்கம்பத்தின் அடியில் புதைத்த மொழி

மறுபடி அந்த 15 வயதுப் பெண்ணிடம் போவோம். அவளுக்கு ‘உஸ்தெத்’ சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டியிடம் பேசிப் பேசி அது தானாக வந்திருக்கும். அவள் பேசும் வேகத்துக்கு வகுப்பாசிரியருக்கே சில சமயம் மூச்சு வாங்கும். ஆனாலும் வகுப்பில் அவள் தலைகுனிந்துதான் உட்கார்ந்திருப்பாள். ஏனென்றால், காருக்குக் காப்பீடு என்பதை அவள் ‘அசெகுரான்சா’ என்பாள், புத்தகம் ‘செகூரோ’ என்கிறது. பில்களை ‘பிலெஸ்’ என்பாள், புத்தகத்தில் ‘ஃபக்தூரா’. லாரிக்கு ‘த்ரோகா’. ‘திரும்ப போன் பண்ணு’ என்பதை ஆங்கிலத்தை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி சொல்வாள். எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் ஒரு சுழி.

அந்தச் சிவப்பு மைக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. டெக்ஸாஸின் மார்ஃபா என்ற சிற்றூரில் ‘பிளாக்வெல்’ பள்ளி. மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை மட்டும் தனியே பிரித்துப் படிக்கவைத்த பள்ளி அது. 1954-ல் அங்கே ஒரு சவ அடக்கம் நடந்தது. ‘ஸ்பானிஷ் பேச மாட்டேன்’ என்று பிள்ளைகளைத் துண்டுத்தாளில் எழுதவைத்து, அவற்றை ஒரு பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்தின் அருகே குழி தோண்டிப் புதைத்தார்கள். ‘மிஸ்டர் ஸ்பானிஷ்’ செத்துவிட்டார் என்று அர்த்தம். 2007-ல் பழைய மாணவர்கள் கூடி, இந்த முறை தோண்டி எடுத்தார்கள்; மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஸ்பானிஷ் அகராதி வெளியே வந்தது. 2022-ல் அந்தப் பள்ளியை தேசிய வரலாற்றுச் சின்னமாக்கும் சட்டம் கையெழுத்தானது.

ஒரு பக்கம் பேசினால் தண்டனை கிடைத்த மொழி, இன்னொரு பக்கம் கற்றுக்கொண்டால் ரெஸ்யூமேவில் ஏறும் மொழி. பேசுகிற வாய் யாருடையது என்பதுதான் வித்தியாசம். 2011-ல் கலிஃபோர்னியா தொடங்கிவைத்த ‘இருமொழித் தேர்ச்சி முத்திரை’ இதைக் கொஞ்சம் சரிசெய்தது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ந்தவர்களின் பள்ளிச் சான்றிதழில் ஒரு முத்திரை. வீட்டில் கற்ற மொழியா, வகுப்பில் கற்ற மொழியா என்று அது கேட்பதில்லை. பிற மாநிலங்களும் வரிசையாகப் பின்தொடர்ந்தன.

வியாபார ஸ்பானிஷ் வகுப்புக்கும் இங்கே ஒரு நல்ல வாய்ப்பு. லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் நடந்தால் கார் காப்பீட்டுக் கடைகளின் பலகையில் பெரிதாக ‘அசெகுரான்சா’ என்றே எழுதியிருப்பதைப் பார்க்கலாம். வாடிக்கையாளருக்குப் புரிகிற சொல் எது என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தெருவில் அதுதான் வியாபார ஸ்பானிஷ்! மாட்ரிட்டுக்குக் கடிதம் எழுதும்போது ‘செகூரோ’. இரண்டையும் அருகருகே வைத்து, எங்கே எது செல்லும் என்று பேசினால் அந்தப் பெண்ணுக்கு வீட்டுச் சொல்லும் மிஞ்சும், புதுச் சொல்லும் சேரும். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த பையனுக்கு அவளே பாதி ஆசிரியை.

முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, முகம் பார்க்காமல் போன் பேசும் பயிற்சியில் இருவரையும் ஜோடி சேர்க்கலாம். அவன் கடைக்காரன், அவள் புகார் சொல்லும் வாடிக்கையாளர். அடுத்த வாரம் ஒரு மாதிரி வாடகை ஒப்பந்தம்: முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும், நாள் தவறினால் அபராதம் என்ன என்று வரி வரியாக இரண்டு மொழியிலும். ‘வட்டி விகிதம்’ என்பதற்கு ‘தாசா தே இந்தெரெஸ்’ என்று அன்று அவளுக்குத் தெரியவரும்.

செர்வாண்டஸுக்கு இதில் என்ன வேலை?

எதிர்ப்பும் இருக்கிறது. ஸ்பானிஷ் ஆசிரியர்களில் பலர் இலக்கியம் படித்து வந்தவர்கள். லோர்காவின் நாடகத்தையும் போர்ஹெஸின் கதைகளையும் நேசித்து இந்த வேலைக்கு வந்தவரிடம் போய், ‘நாளையிலிருந்து இன்வாய்ஸ் நடத்துங்கள்’ என்றால் முகம் சுருங்கத்தான் செய்யும். அவர்களுக்கே கணக்குப் பதிவியலும் ஏற்றுமதி விதிகளும் தெரியாது. யாரும் சொல்லித்தரவும் இல்லை. மொழியைச் சந்தைச் சரக்காக மட்டும் பார்க்க ஆரம்பித்தால், நாளை வேறு மொழிக்கு விலை கூடும்போது ஸ்பானிஷைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்ற பயமும் நியாயமானது.

ஆனால், இலக்கியத்தில் வியாபாரம் இல்லை என்று யார் சொன்னது? ஸ்பானிஷின் மாபெரும் நாவலான ‘தோன் கிஹோத்தே’யை எடுத்துக்கொள்ளலாம். முதல் பாகம் 1605-ல் வந்தது, இரண்டாம் பாகம் 1615-ல். மாவீரன் கனவில் ஊரைவிட்டுக் கிளம்பிய கிஹோத்தேவிடம் சத்திரக்காரர் கேட்கும் கேள்வியே ‘கையில் காசு இருக்கிறதா?’ என்பதுதான். வீரர்கள் காசு எடுத்துப் போனதாக எந்தக் கதையிலும் படித்ததில்லையே என்கிறார் இவர். இரண்டாம் பாகத்தில் சேவகன் சாஞ்சோ, மனைவி சொல்லி அனுப்பியபடி மாதச் சம்பளம் கேட்கிறான். வீரர்களின் வரலாற்றில் அப்படி வழக்கமில்லை என்று மறுக்கிறார் எஜமான். வேலைக்கான நேர்காணலில் சம்பளம் பேசும் பயிற்சிக்கு இதைவிட நல்ல காட்சி எந்தப் பாடப்புத்தகத்தில் கிடைக்கும்? சாஞ்சோ அவரைக் கூப்பிடுவது ‘வுவெஸ்த்ரா மெர்செத்’ என்று, ‘தங்கள் கருணை’ என்பதுபோல. அந்த இரண்டு சொல்தான் காலப்போக்கில் தேய்ந்து தேய்ந்து ‘உஸ்தெத்’ ஆனது.

முதல் பாகத்தின் நான்காம் அத்தியாயத்தில் இன்னொரு காட்சி. ஒரு பண்ணைக்காரர் ஒரு பையனை மரத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருக்கிறார். பையனுக்கு வயது 15-க்குள். ஆடு மேய்த்த சம்பளம் பாக்கி. 9 மாதம், மாதம் 7 ரெயால். கிஹோத்தே குதிரைமேல் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டு, பணத்தை எண்ணி வைக்கச் சொல்கிறார். மூன்று ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், உடம்பு சரியில்லாதபோது இரண்டு முறை ரத்தம் எடுக்க ஒரு ரெயால் செலவழித்திருக்கிறேன், அதையெல்லாம் கழிக்க வேண்டும் என்கிறார் பண்ணைக்காரர். சம்பளப் பிடித்தம்! கிஹோத்தே அந்தப் பக்கம் போனதும் பையனுக்கு இன்னும் நாலு அடி சேர்த்து விழுகிறது, அது வேறு கதை.

இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டு போகலாம். முதலில் கணக்கு: ஒன்பது ஏழு 63. ஆனால், 1605-ன் முதல் பதிப்பில் 73 என்று அச்சாகியிருக்கிறது. தப்பு கிஹோத்தே மேலா, செர்வாண்டஸ் மேலா, அச்சுக் கோத்தவர் மேலா என்று பிள்ளைகள் ஒரு பத்து நிமிடம் அடித்துக்கொள்ளட்டும். பிறகு ஷூவுக்கும் ரத்தம் எடுத்ததற்கும் பிடிக்கலாமா என்று வாதம். கடைசியில் ஆளுக்கொரு தாள். பையனின் சார்பில் பாக்கிச் சம்பளம் கேட்டு பண்ணைக்காரருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். எவ்வளவு கோபம் இருந்தாலும் ‘உஸ்தெத்’தான்.

15 வயதுப் பெண் பேனாவை எடுத்து எழுத ஆரம்பிக்கிறாள். ‘எஸ்திமாதோ சேன்யோர் ஹுவான் ஆல்தூதோ’... கமா வைக்கப் போனவள், நிறுத்தி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி வைக்கிறாள்.